பேட்டரியைக் கழற்றியது யார்?

ப்ளோவ்திவ் நகரில் இன்னும் பொழுது வெளுக்கவில்லை. ஸ்லாத்தினா அதற்குள் ஆய்வுக்கூடத்தில், செல்கள் வளரும் நாற்பது தட்டுகளின் முன் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் பழைய ஊட்டநீரை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்ற வேண்டும். செல்களுக்கு ஞாயிறும் தெரியாது, திருநாளும் தெரியாது. பசி மட்டும்தான் தெரியும். கையுறைக்குள் பெருவிரல் விண்விண்ணென்று தெறித்தது. கை ஓடினாலும் மனம் நிலைகொள்ளவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உடன் வேலைசெய்யும் தோதோர்க்கா நைட்ரஜன் அறையில் மயங்கி விழுந்தாள். செல்களை உறையவைக்கும் திரவம் கசிந்து அறையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தது. குறைந்தால் அலற வேண்டிய கருவி அலறவில்லை. அதில் பேட்டரி இல்லை. முந்தின நாள் அதைக் கழற்றியவள் ஸ்லாத்தினா. காரணமே இல்லாமல் ஓயாமல் கத்தித் தொலைத்தது அந்தக் கருவி. பழுதுபார்க்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை.

எட்டு மணிக்கு இயக்குநர் ஹஜீயெவ் ஒரு தாளோடு வந்து, மீதமிருந்த ஐந்து பேரையும் கூட்டினார்.

"தோதோர்க்காவே பேட்டரியைக் கழட்டியிருக்கா. சாட்சிக்கு எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

"போட்டா அவளுக்கு என்ன ஆகும், டாக்டர்?" என்று கேட்டாள் ஸ்லாத்தினா.

"கழட்டினவங்க வேலை போகும். அவ்வளவுதான்."

ஸ்லாத்தினா வீட்டை நினைத்தாள். கணவன் எட்டு மாதமாய் வேலையின்றி வீட்டில் இருக்கிறான். வாயைத் திறந்தால் அடுப்பு அணையும். திறக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"நான்தான் கழட்டினேன்," என்றாள்.

"அன்னிக்கு நீ. அதுக்கு முந்தின வாரம் நான்க்கா," என்றான் கிரில். டாக்டர் எதிரே நிமிர்ந்துகூடப் பார்க்காதவன் அவன்.

"ஈஸ்டர் அன்னிக்கு நான்," என்றாள் பென்கா. "மனுஷங்கள நூத்திருபது வயசு வாழவைக்கப் போறேன்னு பேட்டி குடுக்குறீங்க. எங்களை நாப்பதுலயே அனுப்பிருவீங்க போலிருக்கே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹஜீயெவின் முகம் சிவந்தது.

"அப்போ அஞ்சு பேரும் கிளம்பலாம். அதுக்கு முன்னாடி போய், உறைஞ்ச செல் இருக்கிற தொட்டிய நிரப்புங்க. நாளைக்குள்ள நைட்ரஜன் தீர்ந்துடும்."

"நல்ல கருவி வரட்டும், நிரப்புறோம்," என்றாள் பென்கா. " அதுவரைக்கும் அந்த அறையில ஒருத்தரும் கால் வைக்க மாட்டோம்."

"பதினோரு வருஷத்துச் செல்லெல்லாம் செத்துப்போகும்!"

"எங்களுக்குத் தெரியாதா?" ஸ்லாத்தினாவின் கண் கலங்கியது. "வளர்த்தவங்க நாங்க."

"சாயங்காலம் வரைக்கும் டைம்," என்று சொல்லி அவர் வெளியேறினார். கதவு அறைந்து மூடியது.

பென்கா அவர் விட்டுப்போன தாளைத் திருப்பிப் போட்டு, முறையிட்ட மூன்று தேதிகளையும் எழுதினாள். ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். உள்ளே தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கதவு மெல்லத் திறந்தது. மேல்தளத்து ஆய்வுக்கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர்.

"எங்க தளத்துலயும் ஒண்ணு இப்படித்தான் கத்திக்கிட்டே கிடந்துச்சு. நாங்களும் பேட்டரியைக் கழட்டித்தான் வெச்சிருக்கோம்," என்றாள் முன்னால் நின்றவள். "அந்தத் தாள்ல இன்னும் இடம் இருக்கா?"