பராபவ வருஷத்துப் பங்குனி

நகரி ரயில் நிலையத்தில் முப்பத்து மூன்று வருஷம் டிக்கெட்டில் தேதி குத்தியவன் நான். நான் குத்தினால்தான் ஊருக்கே பொழுது விடியும். ரிடையரான மறுநாள் சூரியன் ஒரு மணி நேரம் தயங்கி நின்றது. என் மனைவி வெங்கடம்மா ஒருத்திதான் இதை நம்ப மாட்டேன் என்கிறாள்.

அதனால்தான் 1996 ஆகஸ்டில், எதிர்வீட்டு தாட்சாயணி நேரே என்னிடம் வந்தாள். பவர்லூம் ஓட்டுகிறவள். குவைத்தில் சமையல் வேலைக்கு விசா வந்துவிட்டது. போய் வந்து சொந்தமாக இரண்டு தறி போடவேண்டும் என்று அவளுக்குத் துடிப்பு. ஆனால் முப்பது வயது முடிந்ததற்குச் சான்று இல்லாமல் ஏஜெண்ட் ஏற்றமாட்டான். பதினைந்து நாள் தாண்டினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

“பள்ளிக்கூட சர்டிபிகேட் இல்லையா?”

“பள்ளிக்கூடம் போயிருந்தா உங்கிட்ட இன்னாத்துக்கு மாமா வரேன்? செத்துப்போன எங்க நைனா பெட்டியில எழுதி வச்சிகிறாரு.”

போய்ப் பார்த்தேன். தகரப் பெட்டி. மூடியின் உள்பக்கம் சாயத்தால் எழுதியிருந்தது: ‘பராபவ வருஷம் பங்குனி 20 சனிக்கிழமை பெண் குழந்தை.’

“மூடிய மட்டும் கழட்டிக்கலாமே.”

“நைனா எழுத்த அறுக்கறதா? பெட்டியோடதான் வரும்!”

பெட்டியோடு திருப்பதிக்கு ரயிலேறினோம். பாதி மலையைப் பெயர்த்து உள்ளே வைத்த மாதிரி கனம். ஸ்டேஷனில் இறங்கியதும் யாரோ வேண்டுதல் உண்டியல் கொண்டுவருகிறார்கள் என்று கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. இருநூறு பேர் கும்பிட்டார்கள். சரி, இரண்டு பேர். ஒரு அம்மாள் மூடிமேல் சில்லறை வைத்தது மட்டும் சத்தியம்.

வயதுச் சான்று தருகிற அதிகாரி உமாபதி, தடிமனான நூறு வருஷப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

“பராபவ அறுபது வருஷத்துக்கு ஒருவாட்டி வரும். ஏம்மா, தொண்ணூறு வயசா உனக்கு?”

“தொண்ணூறுல எவன் சார் விசா குடுப்பான்?”

சிரித்துவிட்டார். ஆனால் பக்கத்தைத் திருப்பியதும் முகம் மாறியது. “பராபவ சித்திரையில தொடங்கும். பங்குனி கடைசி மாசம். அப்போ 1967. இருபத்தொம்பதுதான் ஆகுது. அடுத்த வருசம் வா.”

தாட்சாயணி நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இல்ல சார். எங்க நைனா தெலுங்கு மேஸ்திரி தறியில வேல செஞ்சவரு. உகாதி லீவு, உகாதி பச்சடி. பங்குனியிலயே உகாதி வந்துடும், அன்னிக்கே அவருக்குப் புது வருசம் பொறந்துடும். மாசத்த மட்டும் எங்கம்மா தமிழ்ல சொல்லுவாங்க. உகாதிக்கும் சித்திரைக்கும் நடுவுல பொறந்தவ நானு.”

“அது நீ சொல்றது. தமிழ் மாசம் எழுதினவரு தமிழ் வருசம்தான் எழுதியிருப்பாருன்னு நான் சொல்றேன். சாட்சி எவரு?”

எனக்கு விடை தெரியாதா? தெரியும். அவள் வாயால் வரட்டும் என்றுதான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கிழம இருக்குதே சார்! வருசம் உங்களுக்கு ஒருநாள் பொறக்குது, அவங்களுக்கு ஒருநாள் பொறக்குது. சனிக்கிழம எல்லாருக்கும் ஒண்ணுதானே? ரெண்டு வருசத்துப் பங்குனி இருபதையும் பாருங்க. எது சனிக்கிழம?”

உமாபதி விரலை வைத்துத் தேடினார். 1967இல் திங்கள். முன்பக்கம் தள்ளினார். ஏப்ரல் இரண்டு, 1966. உகாதி முடிந்து பத்தாம் நாள். சனி.

அந்த ஆபீசே எழுந்து நின்றது. மின்விசிறிகூட நின்றுவிட்டது, கரண்ட் போயிருந்தது என்பது வேறு விஷயம். உமாபதி பெட்டிக்கு முன்னால் குனிந்து அந்த எழுத்தை இன்னொருமுறை முழுசாகப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து 2-4-1966 என்று எழுதி முத்திரை குத்தினார். முப்பத்து மூன்று வருஷத்தில் நான் குத்திய ஒரு தேதிகூட அவ்வளவு கம்பீரமாக விழுந்ததில்லை.

திரும்பும்போது ரயில்பெட்டி முழுக்க அவள் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும். மனுஷன் வருஷத்துக்கு எண் போட்டது எதற்கு என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. ஒரே தெருவில் இரண்டு நாளில் வருஷம் பிறந்தால் சந்தோஷம், இரண்டு தரம் பாயசம். ஆனால் முகம் தெரியாத ஊருக்குப் போகும்போது, அங்கிருப்பவனும் நம்மைப் போலவே விரல் வைத்துக் காட்டும்படி ஒரு நாள் வேண்டியிருக்கிறது.

பதினான்காம் நாள் விமானம் ஏறினாள். மூன்றாம் மாதம் கடைவீதி எஸ்.டி.டி. பூத்துக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“மாமா! இங்க இவங்க சொந்தக் காலண்டர்ல வருசம் பதினோரு நாள் சின்னதாம்! வீட்டுக்கார அம்மா எண்ணிப் பாத்துச்சு. அந்தக் கணக்குல நாம திருப்பதி போன அன்னிக்கே எனக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சிட்டுது! அந்த சாருகிட்ட போய்ச் சொல்லு!”

“சொல்றேன், சொல்றேன். வேல எப்பிடி?”

“நல்லா கீது. தறிக்கு எடம் பாத்து வையி மாமா, ரெண்டு இல்ல, நாலு!”

எட்டுத் தறிக்கு இடம் பார்த்துவிட்டேன்.