கீழே போகாதீர்கள்

போன வருடப் புயலில் விளையாட்டரங்கின் கூரை பெயர்ந்து விழுந்ததிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் சங்குப் பைத்தியம் பிடித்திருந்தது. மாதம் தவறாமல் ஒத்திகை. சங்கு ஊதினால் எல்லோரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, அவரவர் கட்டடத்தின் நிலத்தடிக் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட வேண்டும். "நமக்குச் சங்கு ஊதறதுக்குன்னே ஒரு ஆபீஸ் வெச்சிருக்காங்கடா" என்று மாணவர்கள் கேலி பேசிக்கொண்டே இறங்குவார்கள். ஆனால் இறங்கிவிடுவார்கள்.

அந்தச் சங்கை ஊதுகிறவள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். எதிரே ஒரு சுவர் முழுக்கக் கேமரா திரைகள். அவளுடைய நாத்தனார் இதே வளாகத்து நூலகத்தில் நூலகர். மாமியாரை யார் வைத்துப் பார்ப்பது என்று ஆரம்பித்த பேச்சு முற்றிப்போய், இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. திரையில் மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் இலைகூட அசையவில்லை. நீச்சல்குளத்துப் பராமரிப்புக்காரர் போனில் கூப்பிட்டார். பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்டது.

"குளோரின் சிலிண்டர் வால்வு பிச்சுக்கிச்சும்மா... மூட முடியல. பச்சையா தரையோட ஊர்ந்து போகுது. லைப்ரரி பக்கம்தானே பள்ளம், அங்கதான்..."

பின்னால் நின்ற பாதுகாப்பு அதிகாரி, தீயணைப்பு நிலையத்துக்குப் பேசிக்கொண்டே அவளுக்குச் சைகை காட்டினார். அவள் தட்டினாள்: விஷவாயு. எல்லோரும் மேல்மாடிக்குச் செல்லவும். ஜன்னல்களைச் சாத்தவும். கீழே போகாதீர்கள். செய்தி எல்லோருடைய கைப்பேசிக்கும் பறந்தது.

"சங்கையும் போடும்மா. போனை எவன் பாக்கறான்?" என்றார் அதிகாரி.

அவளும் யோசிக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

நூலகத் திரையில் தலைகள் நிமிர்ந்தன. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஒருவரை ஒருவர் இடிக்காமல், சிரித்துப் பேசியபடி, வரிசையாகப் படிக்கட்டை நோக்கி நடந்தார்கள்.

"பாத்தியா, என்ன ஒழுங்கு!" என்ற அதிகாரியின் குரல் பாதியிலேயே நின்றது. வரிசை கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ சார், கீழ போறாங்க!"

மைக்கைப் பிடுங்கினாள். சங்கு ஒரு சுற்று முழுக்க ஊதி முடிக்கும்வரை மைக் வேலை செய்யாது. அப்படித்தான் பொருத்தியிருந்தார்கள். அவர் காவலர்களை அனுப்ப வாக்கிடாக்கியை எடுத்தார். அவள் நாத்தனாரைக் கைப்பேசியில் அழைத்தாள். திரையில் நாத்தனார் கைப்பேசியைப் பார்ப்பதும், முகம் கடுத்து அதைக் கவிழ்த்து வைப்பதும் தெரிந்தது. அதிகாரியின் போனை வாங்கி மறுபடி அழைத்தாள்.

"யாரு?"

"அண்ணி, நான்தான். வெச்சுடாதீங்க."

"சங்கு காதைக் கிழிக்குது. சண்டை போட இப்பத்தான் நேரம் கிடைச்சுதா உனக்கு?"

"கீழ யாரையும் விடாதீங்க அண்ணி. குளோரின் கசியுது, அது பள்ளத்துலதான் எறங்கும். எல்லாரையும் மேல அனுப்புங்க."

"கீழ போ கீழ போன்னு உயிரை எடுத்ததே நீங்கதானேடி?"

"நாங்கதான். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்ப போங்க அண்ணி!"

"பாதிப் பேரு உள்ள போயாச்சே" என்றாள் நாத்தனார். குரல் வேறு மாதிரி இருந்தது. போனை மேஜையில் போட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வரிசையை இரண்டு கையாலும் பிளந்து படியிறங்கினாள். கீழ்த்தளத்தில் கேமரா கிடையாது. அணைக்காத போனில் சங்கு. அதற்கடியில், "மேல ஏறுங்க! எல்லாரும் மேல!" என்று ஒரு கத்தல். பிறகு இருமல். ஒருவர் இருமுவது போலில்லை, கட்டடமே இருமியது.

அதன்பின் படிக்கட்டு எதிர்த்திசையில் நிரம்பியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு, தவழ்ந்துகூட வந்தார்கள். கடைசியில் நாத்தனார், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஏறி, மேல்படியிலேயே சரிந்தாள்.

மருத்துவமனையில் நாத்தனாருக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். பிழைத்துவிடுவாள் என்றார் டாக்டர். இவளைக் கண்டதும் முகமூடியை நகர்த்தினாள். காற்றாகத்தான் குரல் வந்தது.

"மூலையில ஒரு பொண்ணு... ஒத்திகைதானேன்னு காதுல பாட்டு மாட்டிட்டு, கண்ணை மூடி உக்காந்திருந்தா. கைக்கு எட்டல எனக்கு. வந்தாளா?"

"தீயணைப்புக்காரங்க தூக்கிட்டு வந்தாங்க அண்ணி. ஐசியூல இருக்கா. இன்னும் கண்ணு முழிக்கல."

நாத்தனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஐசியூ வாசலில் அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். இவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுந்து, மகளின் கைப்பேசியை நீட்டினார்.

"பாருங்கம்மா, மேல போகச் சொல்லித் தெளிவா இருக்கு. எம் பொண்ணு சொன்ன பேச்சு தட்டமாட்டா. அவ ஏன் கீழ போனா?"



"சங்கு ஊதுச்சுங்க" என்றாள். "நான்தான் ஊதினேன்."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி அந்தச் செய்தியையே படித்தார். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். அவள் உட்கார்ந்தாள். ஐசியூ கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.