எழுநூற்றெட்டில் ஒரு மேடு

வளவன் அறைக்கதவைத் தாழிடவில்லை. தாழிட்டால் சந்தேகம் வரும். மனைவியின் மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து, தரையில் மண்டியிட்டு, விரல்களை விரட்டினான். தமிழ்நிலா கரும்பு வாங்கக் குடியிருப்பின் பிளாக் கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆயிற்று. பேரம் பேசினால் இன்னும் பத்து.

பன்னிரண்டு மணிக்குள் அவளுடைய ஆராய்ச்சி வரைபடம் சென்னையிலிருக்கும் பேராசிரியருக்குப் போக வேண்டும். போவதற்குள் அதில் ஒரே ஒரு மேடு காணாமல் போக வேண்டும்.

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே பேராசிரியர், ஒரே ஆராய்ச்சி. அறுபது கரி அணுக்கள் கால்பந்து மாதிரிக் கோத்துக்கொண்ட கூண்டு. அதை அசுர வேகத்தில் மோதவிட்டு உடைசல்களை எடை போடுவார்கள். அடிபட்டுச் சூடேறிய கூண்டு கரியை ஜோடி ஜோடியாகத்தான் உதிர்க்கும். அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு. எடையில் 720, 696, 672. பெரிய உடைசல்களில் ஒற்றைப்படை வராது என்றுதான் வளவன் படித்தான். அப்படித்தான் தன் ஆய்வேட்டிலும் எழுதி, 2011-இல் பட்டம் வாங்கினான்.

நிலாவின் படத்தில் ஒற்றைப்படைக்கு ஒரு மேடு வந்திருந்தது. 708. ஐம்பத்தொன்பது அணு.

"கேரம்ல ஒரே ஒரு காயைத் தட்டி வெளிய அனுப்புற மாதிரி," என்று நேற்றுக் காலை, படத்தைப் பார்க்குமுன்பே, நிலா சொன்னதைக் கேட்டு ஸ்பீக்கர் போனில் பேராசிரியர் குதூகலித்தார். "ஒத்தை அணு மேல நேரடி அடி. கூண்டு சூடாகவே நேரமில்ல. அதைப் பாக்குற கண்ணு உனக்குத்தாம்மா, நிலா. வளவன் பக்கத்துல இருக்கானா?"

மீதியைக் கேட்க வளவன் பக்கத்தில் இல்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

கிராஃப் போடக்கூட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். இன்று அவளுக்குக் கண். அவனுக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒன்பது விண்ணப்பங்களும் பதிலில்லாமல், நாலு மாதமாக நெய்வேலியில் அப்பாவின் குவார்ட்டர்ஸ். அப்பா பன்னீர்செல்வம் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார்: "மருமவ என்னமோ புதுசா கண்டுபுடிச்சிருக்காளாம். பையனா? அவனும் படிச்சிக்கினுதான் இருக்கான்."

படிச்சிக்கினுதான்.

ஜன்னலுக்கு வெளியே கொடியருகில் அம்மா செங்கமலத்தின் குரல். "உன் வெள்ளை வேட்டியப் பாருடா. பூரா கரி."

"உதறும்மா, போயிடும்."

"உதறிக்கினுதான இருக்கேன். இந்த ஊர்ல வெள்ளையா எது நிக்குது?"

நெய்வேலியில் பிறந்தவன் வெள்ளையில் கறுப்புப் புள்ளியைக் கண்டால் எங்கிருந்து வந்தது என்று நின்று யோசிக்க மாட்டான். கை தானாக உதறிவிடும். வளவனின் கையும் உதறியது. 708-க்கு நேரே இருந்த எண்களை அழித்து, அக்கம்பக்கத்து எண்களால் ஒட்டுப் போட்டான். திரையில் மேடு படுத்துவிட்டது. சேமித்தான்.

கதவில் கரும்புக்கட்டு இடித்தது.

"முடிஞ்சுதாங்க?"

தனியாக இருக்கும்போது நிலா அவனை 'நீ' என்றுதான் சொல்வாள். 'ங்க' எல்லாம் மாமியார் எதிரில். இப்போது மாமியார் எதிரில் இல்லை, வெளியே கொடியடியில் இருந்தார்.

"சும்மா பாத்துக்கினு இருந்தேன்," என்றான். "அந்த 708 எனக்கு நம்பிக்கையா இல்ல, நிலா. கருவிக்குள்ள தூசு கீசு இருக்கும்."

"அதனால உதறிட்டீங்க."

"உன் நல்லதுக்குத்தான். நாளைக்கு நாலு பேர் சிரிச்சா?"

"அசல் காலையிலயே சாருக்குப் போயிடுச்சு. நீங்க அழிச்சது நகல்." கரும்பைச் சுவரில் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒரு வருஷமா எனக்கு லேப் மெஷின்ல ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கல. நீங்க கேக்கவும் இல்ல, நானும் சொல்லல."

"அப்ப இந்தப் படம்?"

அவள் கட்டிலடியில் இருந்த பையிலிருந்து நீல அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். வளவனின் ஆய்வேடு. கடைசிப் பக்கங்களைப் புரட்டி, பொடி எழுத்தில் ஒரு வரியை விரலால் காட்டினாள். எடை 708-இல் தெரிந்த மேடு கருவித் தூசியால் வந்தது, நீக்கப்பட்டது.

"தூசுன்னா ஒருவாட்டி வரும், மறுவாட்டி போயிடும். ஒம்பது தடவை மோதவிட்டு எடுத்த பழைய கணக்கு லேப் கம்ப்யூட்டர்லயே கிடந்துது. ஒம்பதுலயும் இது அதே எடத்துல நிக்குது. நேத்து நீங்க எழுந்து போனப்புறம் சார்கிட்ட அதத்தான் சொன்னேன்."

வெளியே அம்மா வேட்டியை ஓங்கி உதறும் சத்தம் கேட்டது.

"யாரு எடுத்த கணக்கு?" என்றான் வளவன்.

"ரெண்டாயிரத்துப் பத்து, மார்ச் மாசம். எடுத்தது நீங்க," என்றாள் நிலா. "அழிச்சதும் நீங்கதான். ரெண்டு தடவையும்."