ஆறு வருஷத்துப் பால்

கிணற்றடியில் வழுக்கி விழுந்துதான் பெண்டாட்டி திரௌபதிக்கு மணிக்கட்டு உடைந்தது என்று ஆதிமூலம் வேங்கிக்கால் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வழுக்கினால் சிராய்க்கும், வீங்கும். சும்மா கையை ஊன்றியதற்கே படக்கென்று முறியுமா? திரௌபதிக்கு வலியைவிட அந்த எரிச்சல்தான் ஜாஸ்தியாக இருந்தது.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் சந்திரகலா பிரஷரையும் பார்த்தார். முகம் மாறியது.

"நூத்தி எண்பது! உப்பைக் குறைக்கவே இல்லையாம்மா?"

"உப்பா?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே. உப்பைக் குறைக்கணும், தினம் ரெண்டு டம்ளர் பால் குடிக்கணும்னு. மாதவிலக்கு நிக்கற வயசுல எலும்பு தேயும். பிரஷரும் ஏறியே இருந்தா சுண்ணாம்புச் சத்து சிறுநீர்லயே போயிடும்."

திரௌபதிக்குக் காது அடைத்தது. அன்று பிரஷர் பார்த்ததும் அவளை வராந்தா பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தையெல்லாம் ஆதிமூலம்தான் கேட்டுக்கொண்டார். அந்த வீட்டு வழக்கம் அப்படி. பெண்டாட்டிக்கு வந்த நோயையும் புருஷன்தான் கேட்பார். அப்புறம் மாத்திரையைக்கூட அவரே வாங்கி வந்து கொடுத்தார். அன்று வெளியே வந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிரஷர்காரிக்குப் பால் ஆகாதாம்."

இரண்டு மாட்டை விடியலில் எழுந்து கறக்கிறவள் ஆறு வருஷமாக வரக்காப்பி குடித்தாள். மோர்கூடத் தொடவில்லை. ராத்திரியானால் அவருக்கு மட்டும் சுண்டக் காய்ச்சிய பால், ஏடோடு. அதையும் அவள்தான் ஆற்றிக் கொடுத்தாள்.

"யோவ், அவங்க இன்னா சொன்னாங்க, நீ இன்னா வந்து சொன்ன?" பக்கத்தில் நின்ற புருஷனிடம் பாய்ந்தாள்.

முப்பது வருஷமாக 'என்னாங்க' என்று கூப்பிட்ட வாய்.

"உப்பில்லாம எப்டி திங்கறது? பால்ல கொழுப்பு இருக்குதே, அதான் பிரஷர் ஏறும்னு நெனச்சேன்..." ஆதிமூலம் மென்று விழுங்கினார்.

"உன் நாக்கு ருசிக்கு என் எலும்பைத் தின்னுட்டியேய்யா, பாவி!"

டாக்டர் பக்கம் திரும்பினாள். "இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்கம்மா. எனக்கும் காது இருக்குது."

மூன்றாம் நாள் பிரதோஷம். கட்டுப்போட்ட கையால் அவள் கறக்க முடியாது. ஆதிமூலமே மாட்டிடம் ரெண்டு உதை வாங்கி ஒரு சொம்பு கறந்து வந்தார். பிரதோஷத்துப் பால் பெரிய கோயில் அபிஷேகத்துக்கு. அவர் அப்பா காலத்திலிருந்தே அந்த வேண்டுதல். திரௌபதி இடது கையால் சொம்பைப் பிடுங்கினாள். அடுப்பில் ஏற்றிக் காய்ச்சினாள், ஆற்றினாள்.

"அடியே, அது சாமி பால்டி!"

"சாமிக்குக் கல்லு உடம்பு. எனக்குத்தான் எலும்பு," என்றாள். அவர் கண்ணெதிரே நின்று ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.