5.51க்கு உள்ளே போனவள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம், நான் எழுதிய கட்டுரையின் ஜெராக்ஸ். பல மாநில நீதிமன்றங்களின் புதுத் தீர்ப்புகளைப் பற்றி ஒரு சட்ட மாத இதழில் கருத்து எழுதுகிறவன் நான். நாற்பது பேர் படித்தால் அதிகம் என்றிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தோராவது வாசகி ஊன்றுகோலோடு வேப்பம்பட்டில் என் வீட்டு வாசலில் நின்றாள்.

"இத எழுதுனது நீங்கதான சார்?"

ஏஞ்சலின். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை. காலில் லாரி ஏறியதற்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். அதில் கம்பெனி வக்கீல் நீட்டிய காகிதம் என் கட்டுரை. அவளோடு வேலை செய்யும் செண்பகம் அவள் பையைப் பிடித்துக்கொண்டு கூட வந்திருந்தாள்.

2

(அடித்த தொடக்கம்: "காலைப் பனியில் கம்பெனி பஸ் ஊர்ந்து…" சே. பனியும் இல்லை, அந்த டிரைவர் ஊர்கிறவரும் இல்லை.)

நடந்தது இதுதான். பஸ் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் அரை நாள் சம்பளம் போச்சு. அதனால் முப்பது பேரும் அடையாள அட்டைகளை ஒருத்தர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் முதலில் ஓடி எல்லாவற்றையும் கேட்டிலுள்ள வருகை இயந்திரத்தில் தேய்ப்பார். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அன்று செண்பகத்தின் முறை. ஏஞ்சலினின் அட்டை 5.51க்கு உள்ளே போயிற்று. ஏஞ்சலினை 5.53க்கு ரோட்டில் லாரி அடித்தது.

கம்பெனி சொல்கிறது: உள்ளே வந்தவள் டீ குடிக்க வெளியே போனாள், அது அவள் சொந்தக் காரியம்.

3

என் கட்டுரையில் இரண்டு வெளிமாநிலத் தீர்ப்புகள். ஒரு நீதிமன்றம், கம்பெனி பஸ்ஸில் ஏறியதிலிருந்து கேட் வரைக்கும் வேலைநேரமே என்றது. இன்னொன்று, அட்டை தேய்த்த நொடிதான் எல்லை, அதற்குப் பிறகு சொந்தக் காரியமாக வெளியே போனால் கம்பெனி பொறுப்பில்லை என்றது. இரண்டுமே இங்கே கட்டுப்படுத்தாது, வழிகாட்டலாம். நான் இரண்டாவதைப் புகழ்ந்து "இயந்திரம் பொய் சொல்லாது" என்று முடித்திருந்தேன்.

[அடிக்குறிப்பு: அந்த வரியை மனைவியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். வெட்கக்கேடு.]

முதல் தீர்ப்பு ஏஞ்சலினைக் காப்பாற்றும். ஆனால் அவள் உள்ளே போகவே இல்லை என்று யாராவது சாட்சி சொல்ல வேண்டும்.

"நான்தான் தேச்சேன்னு சொன்னா வேல பூடும் சார்," என்றாள் செண்பகம். "என்னுது மட்டுமா? அட்ட குடுத்த அத்தினி பேருதும். ஊட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

"நான் உன்ன ஒரு வார்த்த கேட்டனா?" என்றாள் ஏஞ்சலின்.

"கேக்காமயே கூட்டிகினு வந்துக்கிறியே, அதான் பேஜாரு."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

செண்பகத்தை முதலில் கோழையாக எழுதினேன். பொருந்தவில்லை. கோழை எதற்கு ஏஞ்சலின் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ரயில் மாறி வருகிறாள்?

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள். வழக்கை விசாரிக்கும் ஆணையர் கண்ணாடியைக் கழற்றி… (வேண்டாம்.)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. ஏஞ்சலின் தோற்கிறாள். மறுநாள் பஸ்ஸில் செண்பகம் கையில் இருபத்தொன்பது அட்டை.

முடிவு மூன்று: முப்பது பேரும் எழுந்து சாட்சி சொல்கிறார்கள். இதை போனில் வாசித்தபோது செண்பகம் கேட்டாள்: "முப்பது பேருக்கும் லீவு யாரு சார் குடுப்பா?"

பிறகு, "கடேசில நான் இன்னா சொன்னேன்னு எழுதிக்கிறீங்க?" என்றாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

5

இயந்திரம் பற்றிய என் வரி தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏஞ்சலினிடம் கொடுத்துவிட்டேன். கருத்து சாட்சி ஆகாது, அது எனக்கும் தெரியும்.

செண்பகத்தின் பதிலை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். உள்ளே போகாதவளை உள்ளே போனதாக ஒரு முறை காட்டியாயிற்று. அவள் சொல்லாததைச் சொன்னதாக நானும் காட்டுவதா? அவள் அட்டையை நான் தேய்க்க மாட்டேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. செண்பகத்தின் பெயரைக் கூப்பிடுவார்கள். நீங்கள் அந்த பஸ்ஸில் வந்தவராக இருந்தால், அவளுக்கு முன்னால் எழுந்திருங்கள்.