முட்டைக்குழிக்கு ஒரு பாலபிஷேகம்

சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலியார்பேட்டைத் தெருவில் சுமலதா நடந்தால் நடையா நடக்கும்? வாசலுக்கு வாசல் நின்று பேச்சுதான். அதனால் விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, ஊருக்குத் தெற்கே ஆமைகளுக்காகக் காவல் போட்டிருக்கும் கடற்கரைக்குப் போனாள். அங்கே மணலும் அலையும்தான், பேச ஆளில்லை என்று நினைத்தாள்.

ஆள் இருந்தான். காவல்காரன் ஆதிமூலம், வைத்திக்குப்பத்துக்காரன், அவளைவிடச் சின்னவன். வட்டமாகக் கம்பிவலை கட்டிய ஓர் இடத்தைக் காட்டி, "உள்ள நூத்திப் பத்து ஆமை முட்டை இருக்குதுக்கா" என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். மண்ணுக்குள் முட்டைக்கு மூச்சு எப்படி? கடல் எந்தப் பக்கம் என்று குஞ்சுக்கு யார் சொல்வது? அவனும் சலிக்காமல் பதில் சொன்னான். பொரிய ஐம்பது நாளாகும், தாய் ஆமை திரும்பியே வராது என்றதும்தான் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்பது நாளும் தனியாவா கெடக்கும்? அடப் பாவமே!"

முட்டையிட்ட முப்பதாம் நாள் சனிக்கிழமையாக வாய்த்தது. ஆமை பெருமாளின் அவதாரம், சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள். வெறுங்கையோடு போக அவளுக்கு மனம் வருமா? ஆதிமூலம் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, மஞ்சளும் துளசியும் போட்ட அரை லிட்டர் பாலை வலைக்கு மேலாகவே ஊற்றினாள். நூற்றிப் பத்தும் நல்லபடியாகப் பொரியட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, நிறைந்த மனதோடு வீடு திரும்பினாள்.

மறுநாள் போனபோது ஆதிமூலம் மண்டியிட்டு, குழியின் மேல்மணலை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தான். மணலெல்லாம் செவ்வெறும்பு.

"எந்தப் புண்ணியவானோ பாலை ஊத்திட்டுப் போயிருக்கான்க்கா. அந்த வாசனைக்கு எறும்பு உள்ள பூந்துடுச்சி. முட்டையத் தொளைச்சிடும்."

ஊரையே கேள்வி கேட்கும் வாய் அன்று திறக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் மணலை வாரினாள். அதன்பிறகு ஒருநாள் விடாமல் வந்து, முதல் வேலையாக எறும்பு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

ஐம்பத்திரண்டாம் நாள் காலை மணல் அசைந்தது. உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வந்து, யாரும் சொல்லாமலே கடலைப் பார்த்து ஓடின. சுமலதா எல்லாவற்றையும் மறந்து கைதட்டினாள். அறுபத்தெட்டு குஞ்சுகள் கடலுக்குள் இறங்கின.

மூன்று நாள் பொறுத்து ஆதிமூலம் குழியைத் தோண்டினான். பொரியாதவை நாற்பத்திரண்டு.

"எறும்பாலயா?" என்று கேட்டாள்.

"சிலதுல தொளை இருக்குது. சிலது தானாவே கெட்டிருக்கும். எதுனால எத்தினின்னு யாருக்குக்கா தெரியும்?"

அவன் பதிவேட்டை விரித்தான். காரணம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதப் பேனாவை வைத்தான்.

"தம்பி, பாலுன்னு எழுது" என்றாள். "ஊத்துனவ பேரு சுமலதான்னு அதையும் சேத்து எழுது."