தாய்மாமன் மடி

"அந்த பேட் கட்டிகினு வந்தா பட்டு வேட்டி புடைச்சிகினு நிக்கும் எல்லம்மா, ஊரே பாக்..."

"பாக்கட்டும்யா! ஈரமா நிக்கிறதுக்கு புடைச்சிகினு நிக்கிறது எவ்ளோவோ..."

"நான் பேசிகினே கீறேன்ல?"

"டாக்டர் இன்னா சொன்னாரு? இருமுனாலும் சிரிச்சாலும் பாரம் தூக்குனாலும் கொஞ்ச நாளைக்கு ஒழுகும், பேட் கட்டுங்கன்னு சொன்னாரா இல்லியா?"

சொன்னார்தான். மூத்திரப் பைக்கு அடியில் புற்று வைத்திருந்த சுரப்பியை ரோபோ ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். வயிற்றில் பொட்டு வைத்த மாதிரி நாலைந்து தழும்பு, அவ்வளவுதான். தசரதன் நசரத்பேட்டை முழுக்கச் சட்டையைத் தூக்கிக் காட்டியாயிற்று. ஒழுகுவதை மட்டும் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

இன்றைக்குத் தங்கச்சி மகள் திவ்யாவின் பிள்ளைக்குக் காது குத்து. திவ்யாவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமன் இடம் தசரதனுக்குத்தான். அவர் கொஞ்சம் நகர்ந்தால் போதும், அவள் சித்தப்பா மகன் ஜெகன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

"அப்டியே ஒழுகினாலும் பழிய புள்ள தலையில போட்டுட்டு போறேன், போடி."

எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பூந்தமல்லி மண்டபத்தில் மனையில் உட்கார்ந்தார். பிள்ளை நல்ல கனம். முதல் காதுக்குப் பல்லைக் கடித்துச் சமாளித்தார். இரண்டாவது காதுக்கு அது வீறிட்டு, விறைத்து, அவர் அடிவயிற்றில் ஓர் உதை விட்டது. தொடையில் இளஞ்சூடாகப் பரவியது.

"ஐயே, புள்ள ஒண்ணுக்கு போயிட்டான்!" என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

"இருக்காதே மாமா, டயப்பர் போட்டுதான தூக்கியாந்தேன். குடு, பாக்குறேன்."

"இருக்கட்டும்மா. இன்னொரு காது கீதே!"

"ரெண்டும் குத்தியாச்சுங்க," என்றார் ஆசாரி.

ஜெகன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். திவ்யா பிள்ளையைப் பிடித்து இழுத்தாள், தசரதன் விடவில்லை. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். பிள்ளை மடியைவிட்டு எழும்பிய அதே நேரம், ஆரத்தித் தட்டோடு வந்த எல்லம்மா தடுக்கி விழப்போனாள். அத்தனை சிவப்புத் தண்ணீரும் அவர் மடியில்.

"இன்னா அத்த, பாத்து வரக் கூடாதா? பட்டு வேட்டி போச்சே!" என்றான் ஜெகன்.

தசரதனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. துடைக்கிற சாக்கில் குனிந்த எல்லம்மா அவர் காதோரம் சொன்னாள்:

"ஆரத்தி ஒரு தட்டுதான்யா கரைச்சாங்க. பந்தியில உனக்குப் பொரை ஏறினா, சாம்பாரையா தூக்கி ஊத்துறது?"